பாடாத மூன்று பிள்ளைகள்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)

"வாயைத் திறந்து ஒரு நிமிஷம் பாடினா என்ன குறைஞ்சு போச்சு?"

நியாயமான கேள்விதான் நண்பர்களே! ஜன கண மன முழுசாகப் பாட ஐம்பத்திரண்டு விநாடி. அவ்வளவுதான். நம்ம விழாக்களில் நன்றியுரை முடிந்து கீதம் ஒலிக்கும்போது, பாதிப் பேர் உதட்டை மட்டும் அசைப்பதும், பின் வரிசை மெல்ல வாசல் பக்கம் நகர்வதும் நமக்குத் தெரியாத சங்கதியா? அதை இதுவரை யாரும் தேசத் துரோகம் என்று சொன்னதில்லை. ஆனால் ஒருவன் எழுந்து, நேராக நின்று, கை கட்டாமல் அசையாமல் மரியாதை செலுத்திவிட்டு, "நான் பாட மாட்டேன் சார், என் விசுவாசம் இடம் தரவில்லை" என்று சொல்லட்டும். அப்புறம் பாருங்கள், அந்த இடமே மாறிவிடும்!

உதடு அசைக்கிறவன் தப்பித்துக்கொள்கிறான். உண்மையைச் சொல்கிறவன் மாட்டிக்கொள்கிறான். இந்த விநோதத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்கள் மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள். நம்மைவிட வயதில் சின்னவர்கள். இடம், பக்கத்து மாநிலம் கேரளா. கோட்டயம் மாவட்டம், கிடங்கூர். ஆண்டு 1985.

பிஜோ, பினு மோள், பிந்து. ஒரே வீட்டுப் பிள்ளைகள். 'யெகோவாவின் சாட்சிகள்' என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தினமும் காலை அசெம்பிளியில் தேசிய கீதம் பாடும்போது இவர்கள் எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். இவர்களுடைய அக்காமார் அதே பள்ளியில் படித்தபோதும் இப்படித்தான். வருஷக்கணக்கில் யாருக்கும் அது உறுத்தவில்லை. டீச்சர்களுக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கும் தெரியும்.

1985 ஜூலையில் ஒரு பெரிய மனிதர் கண்ணில் இது பட்டது. அவர் ஒரு சட்டமன்ற உறுப்பினர். தேசபக்தி பொங்கி, சபையில் கேள்வி எழுப்பிவிட்டார். பள்ளிக்கூட அசெம்பிளியில் நடந்தது மாநில அசெம்பிளிக்குப் போயிற்று! விசாரணைக் குழு ஒன்று போட்டார்கள். அந்தக் குழு என்ன சொன்னது தெரியுமா? 'பிள்ளைகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவர்கள், கீதத்துக்கு எந்த அவமரியாதையும் செய்யவில்லை' என்று சொன்னது. அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கல்வித் துறை மேலதிகாரியின் உத்தரவுப்படி தலைமை ஆசிரியை, ஜூலை 26 அன்று மூன்று பேரையும் பள்ளியை விட்டு நீக்கினார். 'அரசு முடிவு வரும் வரையாவது வகுப்பில் உட்கார விடுங்கள்' என்று தகப்பனார் கேட்டதற்கு, தன்னால் ஆகாது என்று கையை விரித்தார்.

கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதலில் தனி நீதிபதி, பிறகு டிவிஷன் பெஞ்ச். இரண்டு இடத்திலும் தோல்வி. உயர் நீதிமன்றம் தேசிய கீதத்தை வரி வரியாக எடுத்துப் பார்த்தது. இதில் எந்த மதத்தையும் புண்படுத்தும் சொல்லோ எண்ணமோ இல்லையே, அப்புறம் பாடுவதற்கென்ன என்று கேட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் நம்மில் பலரும் இப்படித்தான் யோசிப்போம். 'பாட்டில் தப்பு ஒன்றும் இல்லையே' என்போம். ஆனால் அந்தப் பிள்ளைகள் பாட்டில் தப்பு இருக்கிறது என்று சொல்லவே இல்லை. அவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டுக் கீதத்துக்கு எழுந்து நிற்பார்கள். எந்த நாட்டுக் கீதத்தையும் பாட மாட்டார்கள். கடவுளுக்குச் செலுத்த வேண்டிய வழிபாட்டில் ஒரு பங்கை வேறு ஒன்றுக்குக் கொடுப்பதாக அதை நினைக்கிறார்கள். அந்த நினைப்பு நமக்குச் சரியாகப் படுகிறதா என்பது வேறு விஷயம். உயர் நீதிமன்றம் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதிவிட்டது. பரீட்சையில் நாம் அப்படி எழுதினால் முட்டைதான் விழும்!

1986 ஆகஸ்ட் 11. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத் இருவர் பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் சின்னப்ப ரெட்டி. பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும், படிப்புக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது, வேண்டிய வசதியைச் செய்துதர வேண்டும் என்பது உத்தரவு. பள்ளியை விட்டு நீக்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சட்டப் படிப்பு நமக்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் நண்பர்களே. இந்தத் தீர்ப்பில் நம்மைப் போல் தினம் தினம் நோட்டீஸ் போர்டுக்குக் கீழே வாழ்கிறவர்களுக்கு ரொம்ப உபயோகமான ஒரு பாயிண்ட் இருக்கிறது.

பிள்ளைகளை நீக்கியது எந்தச் சட்டத்தின்படி? அரசுத் தரப்பு இரண்டு சுற்றறிக்கைகளைக் காட்டியது. 1961-இல் ஒன்று, 1970-இல் ஒன்று. இரண்டும் கல்வித் துறை இயக்குநர் அனுப்பியவை. நீதிமன்றம் கேட்டது: இது சட்டமா? சட்டசபை நிறைவேற்றியதா? இல்லை. வெறும் துறை அறிவுரை. அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தரும் பேச்சுரிமையையும் 25-ஆவது பிரிவு தரும் மனச்சாட்சி உரிமையையும் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதற்குச் சட்டம் வேண்டும். அந்தச் சட்டமும் பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம் போல அரசியல் சட்டமே சொல்லியிருக்கிற காரணங்களுக்குள் இருக்க வேண்டும். ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்ட சர்க்குலர் அடிப்படை உரிமையை அசைக்க முடியாது.

சரி, நிஜமான சட்டம் ஒன்று இருக்கிறதே? இருக்கிறது. தேசிய கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் மூன்றாம் பிரிவு, கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவனுக்கும், பாடும் கூட்டத்தில் கலவரம் செய்பவனுக்கும் மூன்று வருஷம் வரை சிறை என்கிறது. பாடாமல் நிற்பவனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைகள் யாரையும் தடுக்கவில்லை, கூச்சல் போடவில்லை. நின்றார்கள். மரியாதைக்கு அது போதும் என்றது நீதிமன்றம். அதோடு இன்னொன்றும் சொன்னது. ஒருவனுடைய நம்பிக்கை நீதிபதியின் அறிவுக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை. அவன் அதை மனதார நம்புகிறானா என்று பார்ப்பதுதான் வேலை. என்னைக் கேட்டால், முழுத் தீர்ப்பிலும் இதுதான் தங்கம்.

யார் இந்தச் சாட்சிகள்?

பைபிளும் கையுமாக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கப் போகிற நேரம் பார்த்துக் கதவைத் தட்டுவார்களே, அவர்கள்தான்! 1870-களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் சார்ல்ஸ் டேஸ் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய பைபிள் படிப்புக் குழுவிலிருந்து வந்தவர்கள். 1931-இல் இந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாட மாட்டார்கள். பிறந்த நாளும் கிடையாது. திரித்துவத்தை ஏற்பதில்லை. அதனால் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் இவர்களைக் கிறிஸ்தவர்கள் என்றே ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். சிறுபான்மைக்குள் ஒரு சிறுபான்மை!

பட்டாளத்தில் சேர மாட்டார்கள். கட்சியில் சேர மாட்டார்கள். ஓட்டும் போட மாட்டார்கள். இந்தக் கடைசி விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், மதச் சிறுபான்மையினர் அரசாங்கத்திடம் உரிமை கேட்கும் வழி வேறு எப்படி இருக்கிறது என்று நம் மாநிலத்தையே எடுத்துப் பாருங்கள். 2002 அக்டோபரில் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. சபைகள் எதிர்த்தன, ஊர்வலம் போனார்கள், மனுக் கொடுத்தார்கள். அரசு அசையவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி 39 தொகுதிகளையும் பறிகொடுத்தது. அதே மாதம் அந்தச் சட்டம் வாபஸ்! நீதிமன்றம் சாதிக்காததை ஓட்டுப் பெட்டி சாதித்தது. மதமாற்றச் சட்டங்கள் விஷயத்தில் நீதிமன்றம் கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மத்தியப் பிரதேச, ஒரிசா சட்டங்களை எதிர்த்த ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமை உண்டு, அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று சொல்லிவிட்டது. (தலித் கிறிஸ்தவர்களின் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப் பிரச்சினை இதைவிடப் பெரிசு. சீக்கியருக்கு 1956-இல், பௌத்தருக்கு 1990-இல் திறந்த கதவு அது. அதற்குத் தனி மலரே போட வேண்டும்.)

ஆக, கூட்டம் இருந்தால் ஊர்வலம் போகலாம், ஓட்டைக் காட்டிக் கேட்கலாம். ஓட்டே போடாத ஒரு கூட்டம் எந்த எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நிற்கும்? கிடங்கூர்ப் பிள்ளைகள் விஷயத்தில் எம்.எல்.ஏ. எந்தப் பக்கம் நின்றார் என்று பார்த்தோமே! இவர்களுக்கு மிஞ்சியது கோர்ட் ஒன்றுதான். அதனால்தான் உலகத்தில் எங்கே மத உரிமை வழக்கு என்று புரட்டினாலும் இந்தச் சின்னக் கூட்டத்தின் பெயர் வந்து நிற்கிறது.

அமெரிக்காவில் பட்ட அடி

சின்னப்ப ரெட்டி தன் தீர்ப்பில் அமெரிக்க வழக்குகளை விரிவாக எடுத்துப் பேசுகிறார். அந்தக் கதை நம் கதையைவிட ரத்தம் தோய்ந்தது.

1935. பென்சில்வேனியா மாநிலம், மைனர்ஸ்வில் என்கிற நிலக்கரிச் சுரங்க ஊர். லில்லியனுக்கு 12 வயது, தம்பி வில்லியமுக்கு 10. பள்ளியில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். நீக்கிவிட்டார்கள். அப்போது அமெரிக்காவில் கொடி வணக்கம் எப்படித் தெரியுமா? வலது கையை நேராக முன்னால் நீட்டி! ஹிட்லர் வணக்கம் மாதிரியே இருக்கும். பார்க்கச் சகிக்காமல் 1942 டிசம்பரில்தான் நெஞ்சில் கை வைக்கும் முறைக்கு மாற்றினார்கள்.

வழக்கு 1940 ஜூன் 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிள்ளைகள் தோற்றார்கள். தேச ஒற்றுமைதான் தேசப் பாதுகாப்புக்கு அஸ்திவாரம் என்று எழுதினார் நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர். அவரே வியன்னாவிலிருந்து சின்ன வயதில் வந்து குடியேறிய யூதர். ஐரோப்பாவில் ஹிட்லரின் படை பாரிஸை நெருங்கிக்கொண்டிருந்த வாரம் அது. பயம் நீதிபதியையும் விடவில்லை போலும்.

தீர்ப்பு வந்ததுதான் தாமதம். 'உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, இவர்கள் துரோகிகள்' என்று ஊர் ஊராகக் கும்பல் கிளம்பியது. மெய்ன் மாநிலத்தில் கென்னபங்க் என்ற ஊரில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்தைக் கொளுத்தினார்கள். அடிதடி, ஊரை விட்டுத் துரத்தல் என்று நூற்றுக்கணக்கான புகார்கள் நீதித் துறைக்கு வந்து குவிந்தன. இன்னும் பல மாநிலங்களில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள்.

மூன்றே வருஷம். 1943 ஜூன் 14. அது அமெரிக்கக் கொடி நாள்! அன்றைக்கு மேற்கு விர்ஜீனியா வழக்கில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே புரட்டிப் போட்டது. இம்முறை ஆறுக்கு மூன்று. முதல் வழக்கில் பிள்ளைகளுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்ட மூன்று நீதிபதிகள், 'நாங்கள் தவறாக முடிவு செய்தோம்' என்று 1942-லேயே வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். பெரிய மனது வேண்டும் அதற்கு! புதுத் தீர்ப்பை எழுதியவர் ராபர்ட் ஜாக்ஸன். அடிப்படை உரிமை என்பது ஓட்டெடுப்பில் வைத்து முடிவு செய்யும் சமாசாரம் அல்ல என்பது அவர் வாதத்தின் சாரம். நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது இப்படி எழுதினார் என்பதைக் கவனியுங்கள். இதே ஜாக்ஸன்தான் யுத்தம் முடிந்து நியூரம்பர்கில் நாஜித் தலைவர்களைக் கூண்டில் ஏற்றிய அமெரிக்க வழக்கறிஞர்.

ஒரு சின்ன வேடிக்கை. இரண்டு வழக்கிலும் குடும்பப் பெயரைக் கோர்ட் ரிக்கார்டில் தப்பாக எழுதிவிட்டார்கள். 'கோபைடஸ்' என்பதும் 'பார்னெட்' என்பதும் எழுத்து மாறிச் சரித்திரத்தில் பதிந்துவிட்டன. மார்க் ஷீட்டில் இனிஷியல் தப்பாக வந்து அலைகிற நண்பர்கள் ஆறுதல் அடையலாம்!

ஒரு கையெழுத்து, ஒரு கார்டு

இதே கூட்டம் ஹிட்லரிடம் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. 1933-லேயே ஜெர்மனியில் தடை வந்துவிட்டது. கையை நீட்டி ஹிட்லரை வாழ்த்த மறுத்தார்கள், துப்பாக்கி தூக்க மறுத்தார்கள். வதை முகாமில் இவர்கள் சட்டையில் ஊதா நிற முக்கோணம் தைக்கப்பட்டது. சுமார் ஆயிரம் ஜெர்மானியச் சாட்சிகள் முகாம்களிலும் சிறைகளிலும் செத்தார்கள். யூதருக்கு இல்லாத ஒரு வழி இவர்களுக்கு இருந்தது என்பதுதான் இதில் நெஞ்சை உலுக்குவது. 'என் நம்பிக்கையைக் கைவிடுகிறேன்' என்ற ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். மிகப் பெரும்பாலோர் போடவில்லை.

நாஜியைத் தோற்கடித்த ஸ்டாலின் என்ன செய்தார்? 1951 ஏப்ரலில் ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான சாட்சிகளைக் குடும்பத்தோடு ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பினார். இடதும் வலதும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின.

ஆப்பிரிக்காவில் மலாவி. 1967-இல் தடை. ஆளுங்கட்சி உறுப்பினர் கார்டு வாங்க மாட்டோம் என்றார்கள். கார்டு விலை அற்பம். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போயிருக்கலாம். 1972-இல் ஆயிரக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு ஜாம்பியாவுக்கும் மொசாம்பிக்குக்கும் ஓடினார்கள். 1993-இல்தான் தடை நீங்கியது. எரித்ரியாவில் 1994-இல் இவர்களுடைய குடியுரிமையையே பறித்து உத்தரவு போட்டார்கள். அந்த வருஷம் சிறைக்குப் போன மூன்று பேர் 2020 டிசம்பரில் வெளியே வந்தார்கள். இருபத்தாறு வருஷம்! நம் வயதையும் அதற்கு மேலும் சேர்த்துச் சிறையில் கழித்திருக்கிறார்கள்.

"சார், இதெல்லாம் கிறிஸ்தவர் அல்லாத அரசாங்கம், நாத்திக அரசாங்கம்" என்று நினைக்கத் தோன்றும். அப்படியானால் கிரீஸைப் பாருங்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையே அரசியல் சட்டத்தில் முதலிடம் பெற்ற நாடு. அடுத்தவரைத் தன் மதத்துக்கு இழுப்பது அங்கே குற்றம். 1938-இல் மெடாக்ஸாஸ் என்ற சர்வாதிகாரி போட்ட சட்டம். கிரீட் தீவைச் சேர்ந்த மினோஸ் கொக்கினாகிஸ் 1936-இல் சாட்சியாக மாறியவர். இந்தக் குற்றத்துக்காக அறுபது தடவைக்கு மேல் கைதானார். 1986 மார்ச் 2 அன்று மனைவியோடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, அந்த வீட்டு அம்மாளிடம் பைபிள் பேசினார். வீட்டுக்காரர் உள்ளூர்ச் சர்ச்சில் பாடகர். போலீஸுக்குச் சொல்லிவிட்டார். மறுபடி கைது, தண்டனை. ஐம்பது வருஷமாகப் பார்த்த வழக்கு ஒன்றையும் அவர் விடவில்லை. ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 1993 மே 25 அன்று ஜெயித்தார். மதச் சுதந்திரப் பிரிவை ஒரு நாடு மீறியதாக அந்த நீதிமன்றம் சொன்ன முதல் வழக்கு அதுதான். கிறிஸ்தவ நாட்டில், கிறிஸ்தவனிடம் கிறிஸ்து பற்றிப் பேசியதற்காகக் கிறிஸ்தவன் சிறைக்குப் போனான். பெரும்பான்மை எந்த நிறத்தில் இருந்தாலும் அதன் குணம் ஒன்றுதான் போலிருக்கிறது.

சரி, இவர்கள் சொல்வதெல்லாம் சரியா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். உயிர் போகிற நிலையிலும் ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். வயது வந்தவர் தனக்காகச் சொன்னால் அது அவர் இஷ்டம்; கைக்குழந்தைக்காகப் பெற்றோர் சொன்னால் நான் டாக்டர் பக்கம்தான் நிற்பேன். சபையை விட்டு வெளியேற்றப்பட்டவரிடம் சொந்தக்காரர்கூடப் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். நம் ஊரில் 'ஊர் விலக்கம்' என்று ஒன்று இருந்ததே, அந்த வாடை அதில் அடிக்கிறது. நார்வே அரசு 2022-இல் இந்தக் காரணத்துக்காகவே இவர்களுக்குக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தியது. அதையும் கோர்ட்டுக்கு இழுத்துப் போனார்கள். அரசாங்கத்திடம் மனச்சாட்சிச் சுதந்திரம் கேட்கிற சபை, விட்டுப் போகிறவனுக்கும் அதைக் கொடுக்க வேண்டாமா? இந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

ஆனால் அதற்காகக் கிடங்கூர்ப் பிள்ளைகளை வெளியே தள்ளியது சரியாகிவிடுமா? நமக்குப் பிடித்தவனுக்கு மட்டும் கொடுக்கிறதற்குப் பெயர் சலுகை. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு சலுகை பற்றிப் பேசவில்லை. அதில் 'எல்லா மனிதரும்' என்றிருக்கிறது. மதம் இல்லாதவனுக்கும் அதே பிரிவுதான் காவல். 'மனச்சாட்சி' என்ற சொல்லை 'மதம்' என்ற சொல்லுக்கு முன்னால் போட்டிருக்கிறார்கள். பெரியார் பிறந்த மண்ணில் சாமி கும்பிட மாட்டேன் என்கிற நண்பனும் ஆயுத பூஜை அன்று ஒர்க்ஷாப்பில் ஓரமாக நிற்கலாம். லேத்துக்குச் சந்தனம் வைக்காததால் அவனுக்கு இன்டர்னல் மார்க் குறையக் கூடாது!

தமிழ்த்தாய் வாழ்த்து விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அது பாடப்படும்போது எழுந்து நின்றாக வேண்டும் என்று சட்டமோ உத்தரவோ இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதே மாதம் தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணை போட்டது. எழுந்து நிற்க எனக்குச் சந்தோஷம்தான். தமிழ் என் தாய். ஆனால் எழாதவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கினால் அந்தத் தாய்க்கு அதில் என்ன பெருமை?

தீர்ப்பு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவன் இல்லை நான். ரஷ்யாவைப் பாருங்கள். 2017 ஏப்ரல் 20 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இவர்களைத் 'தீவிரவாத அமைப்பு' என்று சொல்லி, தலைமை அலுவலகத்தையும் 395 கிளைகளையும் ஒரே அடியாகத் தடை செய்தது. துப்பாக்கியைத் தொடவே மாட்டேன் என்கிறவன் தீவிரவாதி! ஓரியோல் நகரில் பைபிள் கூட்டம் நடத்தினார் என்று டென்னிஸ் கிறிஸ்டென்சன் என்ற டென்மார்க் நாட்டவருக்கு 2019 பிப்ரவரியில் ஆறு வருஷச் சிறை. 2022 ஜூன் 7 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம், ரஷ்யா செய்தது தவறு, வழக்குகளைக் கைவிட வேண்டும் என்றது. அதற்குள் உக்ரேன் யுத்தத்தால் ரஷ்யா ஐரோப்பிய கவுன்சிலிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தது. அந்தத் தீர்ப்புகளை நிறைவேற்ற மாட்டோம் என்று தனிச் சட்டமே போட்டுக்கொண்டார்கள். காகிதத்தில் ஜெயம், கம்பிக்குள் வாழ்க்கை.

மாறாகத் தென் கொரியா. அங்கே கட்டாய ராணுவ சேவை. மறுத்தால் பெரும்பாலும் பதினெட்டு மாதம் சிறை. 1950-களிலிருந்து பத்தொன்பதாயிரம் பேர் வரை உள்ளே போய் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சாட்சிகள், நம் வயதுப் பையன்கள். 2018 ஜூனில் அரசியல் சட்ட நீதிமன்றம் மாற்றுச் சேவைக்கு வழி செய்யச் சொன்னது. 2020 அக்டோபரில் அது தொடங்கியது. முப்பத்தாறு மாதம், சிறைச்சாலைகளிலேயே தங்கி வேலை. ராணுவ சேவையைப் போல இரண்டு மடங்குக் காலம். முழுச் சுதந்திரம் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் குற்றவாளி என்ற முத்திரை இல்லாமல் வெளியே வரலாம். வேலைக்கு மனுப் போடலாம்.

நம் பக்கத்திலும் ஒரு துயரம் நடந்தது. 2023 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. கேரளாவில் களமசேரியில் சாட்சிகளின் மாநாட்டு அரங்கில் குண்டுகள் வெடித்தன. எட்டுப் பேர் இறந்தார்கள். முன்பு அந்தச் சபையோடு இருந்தவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் போலீஸில் சரணடைந்தார். அந்தச் சபையின் போதனை தேச விரோதமானது என்பது அவர் வீடியோவில் சொன்ன காரணம். 1985-இல் அந்த எம்.எல்.ஏ. சபையில் கிளப்பிய அதே பேச்சு! முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னாலேயே நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் 'இல்லை' என்று பதில் சொல்லியாகிவிட்டது. நம் எத்தனை பேர் காதுக்கு அது எட்டியிருக்கிறது?

நீதிமன்றத்துக்கே சில சமயம் மறந்துபோகிறது. 2016 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், எல்லா சினிமா தியேட்டரிலும் படத்துக்கு முன்னால் தேசிய கீதம் போட வேண்டும், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், கதவைச் சாத்தி வைக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. எழாதவர்களை இருட்டில் அடித்த செய்திகள் வந்தன. சக்கர நாற்காலி மனிதர்கூடத் தப்பவில்லை. வாதத்தின்போது பிஜோ இம்மானுவேல் வழக்கைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். 2018 ஜனவரி 9 அன்று அந்த உத்தரவை நீதிமன்றமே மாற்றிக்கொண்டது. கீதம் போடுவதும் விடுவதும் தியேட்டர்காரர் இஷ்டம் என்றாயிற்று. போட்டால் மரியாதையாக எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. பாட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.